நூலகம் புதிய வழிக்கு மாறியபோது: உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்

காவிரிக்கரை:
ஓய்வு பெற்ற பிறகும் அந்த மாணவி கேட்ட கேள்வி மனத்தை அரிக்கிறது. நூலகம் புதிய மென்பொருளுக்கு மாறியிருந்த வாரம். பழைய பட்டியல் முழுவதும், எல்லாக் கணினியிலும் ஒன்றுபோல் தெரியும் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சானது. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் தமிழ் தமிழாகத் தெரியாது. கல்வெட்டு பற்றிய நூல் கேட்டு வந்தாள். திரையைத் திருப்பிக் காட்டினேன். தலைப்பு, ஆசிரியர் எல்லாம் ஆங்கில எழுத்தும் நிறுத்தற்குறியுமாகச் சிதறிக் கிடந்தன. "சார், இது எந்த மொழி?" என்றாள். கேலியில்லை, உண்மையாகவே தெரியாமல் கேட்டாள். அட்டைப் பட்டியல் இருந்திருந்தால் இழுப்பறையைத் திறந்ததும் வேலை முடிந்திருக்கும். அந்த அட்டைகளை மேலிடத்து உத்தரவுப்படி எடைக்குப் போட்டாகிவிட்டது. அலமாரி எனக்கு நினைவில் இருந்ததால் அவளுக்கு நூல் கிடைத்தது. 2010-இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது நல்ல காரியம். தரவை மாற்றிச் சரிபார்த்து முடிக்குமுன் பழையதைத் தூக்கி எறிந்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

நெய்தல்:
காவிரிக்கரை ஐயா, போட்டித் தேர்வுக்குப் படித்த எங்களில் பலர் பட்டியல் பக்கமே போனதில்லை. எங்களுக்கு வேண்டியது மேசை, மின்விசிறி, கைப்பேசிக்கு ஒரு பிளக். நாளிதழ் படிக்க வரும் பெரியவர்களுக்கும் எங்களுக்கும் இடத்துக்காக ஓயாத உரசல். ஒருநாள் அவர்களில் ஒருவர் நேராக என்னிடம் வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன். கைப்பேசியை நீட்டி, "பென்ஷனுக்கு உயிர்வாழ் சான்றிதழ் இதிலேயே கொடுக்கலாமாமே, கொஞ்சம் பாரம்மா" என்றார். செயலி கண் சிமிட்டச் சொன்னது. அவர் கண்ணை இறுக மூடியவர் திறக்கவே இல்லை! நூலகர் எழுந்து வந்து, எதிரே நின்று தானும் சிமிட்டிக் காட்டினார். பதிவாகிவிட்டது. மறுநாள் அவருடைய நண்பர்களும் வந்துவிட்டார்கள். அதன்பின் இடத்துக்காக யாரும் சண்டை போடவில்லை. நூலகரின் வேலை இதுவும்தான் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

பனங்காடு (யாழ்ப்பாணம்):
நெய்தல், மேசையும் பிளக்கும் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் பட்டியல் பக்கமே போனதில்லை என்று இவ்வளவு இலகுவாகச் சொல்லாதீர்கள். 1981-இல் எங்கள் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்தன. என்னென்ன போயின என்று சொல்லக்கூடப் பட்டியல் வேண்டும். 2005 முதல் 'நூலகம்' என்ற பெயருடைய நிறுவனம் ஈழத்து நூல்களை ஸ்கேன் செய்து இணையத்தில் வைத்து வருவதை அறிந்திருப்பீர்கள். நான் சொல்ல வந்தது எங்கள் ஊர் வாசிகசாலைப் பெரியவரைப் பற்றி. பழைய சஞ்சிகைக் கட்டு ஒன்று அவரிடம் இருந்தது. ஸ்கேன் செய்யக் கேட்டபோது கொடுக்க மறுத்தார். பிறகு ஒருநாள் தானே சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். என்னைத் தொட விடவில்லை. "நீர் பொத்தானை அழுத்தும், தாளை நான் புரட்டுகிறேன்" என்று கடைசித் தாள் வரை பக்கத்திலேயே இருந்தார். எரிந்ததைப் பார்த்தவர் அவர்.

வெண்கோல்:
நான் பார்வையற்றவன், கல்லூரி ஆசிரியன். ஒரு நூலகத்தில் புதிய மின்னூல் தொகுப்பைப் பெருமையோடு திறந்து கொடுத்தார்கள். காதொலிப்பானை மாட்டினேன். திரையில் உள்ள எழுத்தைப் படித்துச் சொல்லும் என்விடிஏ மென்பொருள் சொன்னது ஒன்றுதான்: வெற்று ஆவணம். அடுத்த நூல், வெற்று ஆவணம். முந்நூறு பக்க நூல் எனக்கு வெற்று ஆவணம்.

பனங்காடு, உங்கள் பணிக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் ஸ்கேனோடு நின்றுவிட்டால் அது வெறும் படம், என் மென்பொருளுக்கு அதில் எழுத்தே இல்லை. யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். குறைந்தது 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) எடுங்கள். நூலை விரித்தபடி இரண்டு பக்கங்களைச் சேர்த்து எடுக்காதீர்கள், வரிகள் கலந்துவிடும். படத்தில் உள்ள எழுத்தை அறியும் டெசராக்ட் மென்பொருள் இலவசம், தமிழ் படிக்கும்; அதைக் கொண்டு எழுத்தாக மாற்றுங்கள். தமிழ்நாட்டில் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல்களில் பழைய ணா, றா, னை, லை வடிவங்கள் வரும். அங்கே பிழை மலியும், கண்ணால் பார்த்துத் திருத்தித்தான் ஆக வேண்டும். பதிப்புரிமை என்று பயப்படும் இந்திய நூலகர்கள் 2012 சட்டத் திருத்தத்தைப் படியுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்காக லாப நோக்கமின்றி அணுகத்தக்க வடிவில் ஆக்கித் தர அது இடமளிக்கிறது. காவிரிக்கரை ஐயா, உங்கள் பழைய எழுத்துருப் பட்டியலையும் தூக்கி எறிய விடாதீர்கள். எந்த எழுத்துரு என்று தெரிந்தால் மாற்றிக் கொடுக்கும் நிரல்கள் உண்டு. நெய்தல், உங்கள் மேசையில் இருப்பவர்கள் ஆளுக்கு நாளொரு பக்கம் மெய்ப்புப் பார்த்துத் தருவார்களா என்று கேட்டுச் சொல்லுங்கள். தமிழ் இலக்கணப் பாடநூல்தான் எனக்கு முதலில் வேண்டும்.