தண்ணீர்மலைக் குடும்பம்

செல்வி அக்கா: குகன், ஜிப்பா போட்டுப் பார்த்தாயா?

குகன்: வயிற்றுப் பொத்தான் போடவே முடியவில்லை. கல்யாணத்துக்கு எட்டு வாரம்தான்.

தேவி அத்தை: பிரித்துத் தைக்கச் சொல்.

குகன்: உள்ளே துணி விடவில்லையாம். நேற்று ட்ரெட்மில்லில் ஒரு மணி நேரம் வேகமாக நடந்தேன், 600 கலோரி காட்டியது. எடையும் ஒரு கிலோ குறைந்துவிட்டது!

ராஜன் மாமா: தம்பி, அந்த ஒரு கிலோ வியர்வை. தண்ணீர் குடித்தால் திரும்பிவிடும். மெஷின் சொல்வதையும் அப்படியே நம்பாதே. சும்மா உட்கார்ந்திருக்க ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 1 கலோரி என்று வைத்தால் வேகநடைக்கு சுமார் 4.3. உன் எடை 80 கிலோ, நடந்தது ஒரு மணி நேரம். பெருக்கினால் 344 கலோரி. சும்மா இருந்தாலே 80 போயிருக்கும், அதைக் கழி. மிச்சம் 264. ஒரு கிலோ உடல் கொழுப்புக்கு ஏறக்குறைய 7,700 கலோரி. ஆக, நீ கரைத்தது 34 கிராம்.

செல்வி அக்கா: 34 கிராமா??

தேவி அத்தை: நாலு பவுன் சொச்சம்.

செல்வி அக்கா: பவுன் பேச்சு வேண்டாம் அத்தை.

தேவி அத்தை: நான் உன்னைச் சொல்லவில்லையே.

குகன்: ஓடினால்?

ராஜன் மாமா: மணிக்கு 8 கிலோமீட்டர் வேகம் என்றால் 8.3. அதே கணக்கில் 76 கிராம் வரும். ஆனால் உன் முட்டி தாங்காது, நடையே போதும். மெதுவாக நடந்தால்தான் கொழுப்பு கரையும் என்று ஜிம்மில் சொல்வார்கள். கலோரிச் செலவில் கொழுப்பின் பங்கு கூடும், சரி. மொத்தச் செலவு குறைந்துவிடுமே! தினமும் நட, சாப்பாட்டைக் கூட்டாதே. எட்டு வாரத்தில் இரண்டு கிலோ அளவுக்கு இறங்கும்.

குகன்: அவ்வளவுதானா

ராஜன் மாமா: நடையால் மட்டும் அவ்வளவு. மீதி தட்டில் இருக்கிறது. ஒரு ரொட்டி சானாயே 300 கலோரி.

சின்னம்மா: நாதஸ்வரத்துக்கு முன்பணம் கட்டியாச்சா?

தேவி அத்தை: அண்ணன் கட்டுவதாகச் சொன்னார்.

ராஜன் மாமா: நான் எப்போது சொன்னேன்?

செல்வி அக்கா: ஞாயிறு காலை தாவரவியல் பூங்காவில் எல்லாரும் நடப்போம். 6.30?

குகன்: 7 ஆக்குங்கள்.

சின்னம்மா: நடந்துவிட்டு எங்கே பசியாறுவது?

ராஜன் மாமா: வீட்டில் இட்லி.

தேவி அத்தை: யார் வீட்டில்?

செல்வி அக்கா: சனிக்கிழமை பேசிக்கொள்ளலாம்.

சின்னம்மா: முன்பணம்???