'ரபி ஜேக்கப்' படத்துக்குத் தமிழ் சப்டைட்டில்: பிரெஞ்சு தெரிந்தவர்கள் உதவ முடியுமா?

வணக்கம் நண்பர்களே. ஜெரார் ஊரி இயக்கி, லூயி த ஃபுனே நடித்த 1973-ஆம் ஆண்டுப் படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் தயாராகிறது. டைமிங்கில் சிக்கல்.

நம்மிடம் உள்ள பிரெஞ்சு எஸ்ஆர்டி (சப்டைட்டில் கோப்பு) நொடிக்கு 23.976 ஃபிரேம் ஓடும் பிரதிக்கானது, நம் வீடியோ நொடிக்கு 25 ஃபிரேம். அதனால் பத்து நிமிடத்துக்குச் சுமார் 25 நொடி வீதம் எழுத்து பின்தங்கியது. சப்டைட்டில் எடிட் என்ற மென்பொருளில் ஃபிரேம் ரேட்டை மாற்றியதும் சூயிங்கம் தொழிற்சாலைக் காட்சி வரை கச்சிதம். ஓர்லி விமான நிலையத்தில் மறுபடி சுமார் 3 நொடி விலகல். அது கூடிக்கொண்டே போகவில்லை, அப்படியே நிற்கிறது. ஆகவே இது வேகப் பிரச்சினை இல்லை. இரண்டு பிரதிகளில் ஒன்றில் சில நொடி வெட்டுப்பட்டிருக்க வேண்டும். எந்த ஷாட்டில் என்று காதால் கேட்டுச் சொல்ல ஆள் வேண்டும். அந்த வரியிலிருந்து மட்டும் நகர்த்தினால் போதும்.

இங்கே டைமிங் தவறினால் படமே போச்சு. யூதர்களையும் அரபுகளையும் இளக்காரமாகப் பார்க்கும் முதலாளி பிவேர், தாடியும் அங்கியும் மாட்டி ரபியாக, அதாவது யூத மதகுருவாக, வேடமிடுகிறார். கூட வரும் ஸ்லிமான் அரபுப் புரட்சித் தலைவர். யார் யாரை யாரென்று நம்புகிறார்கள் என்பது முகபாவம் மாறும் அந்த நொடியிலேயே எழுத்திலும் தெரிய வேண்டும்.

இன்னொன்று: த ஃபுனே படபடவென்று பேசுவார். வரிக்கு 35 எழுத்து, இரண்டு வரி என்று சுருக்குகிறோம். எதை விடலாம் என்று பிரெஞ்சு தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கோப்பைத் திருத்தினால் எழுத்துக் குறியாக்கத்தை (என்கோடிங்) யுடிஎஃப்-8 ஆகவே வைத்துச் சேமியுங்கள். ஆன்சி என்ற பழைய குறியாக்கத்தில் சேமித்தால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாகிவிடும்.