கட்டியக்காரன் முகத்துக்கு விடியும்வரை நிற்கும் வெள்ளை எது?

பாலக்கோட்டுக் கோமாளி:
பாலக்கோடு பக்கம் தெருக்கூத்துக் குழுவில் (ஜமாவில்) கட்டியக்காரன், அதாவது கோமாளி, வேஷம் கட்டுகிறேன். முகம் முழுக்க வெள்ளை, அதன்மேல் சிவப்பும் கருப்புமாகப் புள்ளி. சித்திரை, வைகாசியில் ராத்திரி சாப்பாடு முடிந்து முகம் எழுத உட்கார்ந்தால் விடிந்துதான் கழுவுவேன். வாத்தியார் காலத்திலிருந்து முத்துவெள்ளை என்ற வெள்ளைத் தூளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசுவதுதான் வழக்கம். இப்போது நல்ல சரக்கு லேசில் சிக்குவதில்லை. அதனால் ஒரு கன்னத்தில் ஒன்று, மறு கன்னத்தில் வேறொன்று என்று பூசிக்கொண்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு வசனம் பேசிப் பார்க்கிறேன். வீட்டில் சிரிப்பை அடக்க முடியவில்லை!

டால்கம் பவுடரை எண்ணெயில் குழைத்தால் வெள்ளையே வருவதில்லை, சாம்பல் பூசின மாதிரி இருக்கிறது. தண்ணீர் தொட்டுப் பூசும் ஒப்பனைக் கேக் பளிச்சென்று வருகிறது. ஆனால் தலைப்பாகைக்குக் கீழே கிளம்பும் வியர்வை மூக்கோரமாகக் கோடு போட்டு இறங்கிவிடும், சிரித்தால் உதட்டோரம் வெடிக்கும். மெழுகுக் குச்சி மாதிரி வரும் கிரீஸ் பெயின்ட் தாடிக்கருப்பைக்கூட மறைக்கிறது. அதில் தொல்லை, முகம் எண்ணெய் வழிகிற மாதிரி மினுங்குவது. ஒட்டுமீசையும் நழுவுகிறது. என்ன செய்யலாம்?

ஓசூர் ஒப்பனை:
அண்ணா, டால்க் எண்ணெயில் நனைந்தால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், அடியில் இருக்கும் தோல் நிறம் தெரியும். ஜிங்க் ஆக்சைடு அப்படி ஆகாது, டைட்டானியம் டை ஆக்சைடு இன்னும் நன்றாக மறைக்கும். டப்பாவில் அந்தப் பெயர்கள் இருக்கிறதா பாருங்கள்.

கிரீஸ் பெயின்டையே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் மெல்லிசாக. ஈர ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றிப் பரப்புங்கள், இழுக்க வேண்டாம். உடனே பஃப்பில் நிறைய பவுடர் எடுத்து அழுத்துங்கள். இங்கே டால்க் போதும். சற்றுப் பொறுத்து உதிரியைப் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, தண்ணீர் தெளித்தால் மினுமினுப்பு அடங்கும். வாயோரம் எல்லாவற்றையும்விட மெல்லிசாக இருக்கட்டும், கனமாக இருந்தால்தான் வெடிக்கிறது. தாடிக்கருப்பு நீலமாக எட்டிப் பார்த்தால் வெள்ளைக்கு அடியில் துளி ஆரஞ்சு.

காவேரிப்பட்டணத்தான்:
தம்பி, வெளிச்சத்தையும் பாரு. பெட்ரோமாக்ஸ் போய் இப்போது எல்லா ஊரிலும் எல்.இ.டி. அதற்கு முன்னால் சுத்த வெள்ளை பிணக்களை தட்டும். வெள்ளையில் துளி மஞ்சள் சேர், முகத்துக்கு உயிர் வரும். அதற்காகப் பெரியவர்கள் வைத்திருந்த அரிதாரக் கல்லை எடுத்துத் தேய்த்துவிடாதே, அது ஆர்சனிக். டப்பாவில் வருகிற மஞ்சளே போதும்.

கிருஷ்ணகிரி மருந்துக்கடை:
முத்துவெள்ளைக்குப் பதிலாகப் பெயின்ட் கடைத் தூள் வாங்காதீர்கள். அது தோலுக்கென்று செய்தது அல்ல, ஈயம் கலந்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. மருந்துக்கடையில் ஜிங்க் ஆக்சைடு ஐ.பி. (இந்திய மருந்துத் தரம்) என்று கேளுங்கள், இல்லையென்றால் வரவழைத்துத் தருவார்கள். குழைக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். எதுவானாலும் முதல் நாள் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவிப் பார்ப்பது நல்லது.

பாலக்கோட்டுக் கோமாளி:
அக்கா சொன்னபடி பவுடரை அழுத்திப் பார்த்தேன். கன்னம் அசையவில்லை, மினுக்கமும் போய்விட்டது. உதட்டோரம் லேசாகக் கோடு விழுகிறது, கூட்டத்திலிருந்து பார்ப்பவனுக்குத் தெரியாது. மீசைக்கு மட்டும் வழி சொல்லுங்கள்.

ஓசூர் ஒப்பனை:
மீசை வரும் இடத்தில் வெள்ளையே படக்கூடாது அண்ணா. பூச்சின் எண்ணெயில் பசை பிடிக்காது. வெறும் தோலைத் துடைத்துவிட்டு ஸ்பிரிட் கம் என்ற ஒப்பனைப் பசையைத் தடவி, அது பிசுபிசுப்பானதும் மீசையை ஒட்டுங்கள். காய்ந்த பிறகு ஓரத்தை மட்டும் சின்னப் பிரஷ்ஷால் வெள்ளையாக்கிக்கொள்ளலாம்.