பலநாள் படகில் சோலார் மின்சாரத்தால் கடல்நீரைக் குடிநீராக்குவது சாத்தியமா?

கேள்வி: வாழைச்சேனை
வணக்கம். ஐந்து பேருடன் ஆழ்கடலுக்குப் போகும் எங்கள் பலநாள் படகில் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு நாற்பது லீற்றர் நீர் போதும். ஐஸுக்கும் மீனுக்கும் வேண்டிய இடத்தைத் தண்ணீர்த் தாங்கிகள் பிடித்துக்கொள்வதால், கடல்நீரை மென்படலத்தினூடாக அழுத்தி உப்பை நீக்கும் சிறிய ஆர்.ஓ. இயந்திரம் ஒன்றைப் பொருத்த எண்ணியுள்ளோம். அணியத்து அறையின் கூரையில் 200 வாற்று சோலார் தகடுகள் இரண்டு வைக்கலாம். அவை போதுமா?

பதில்: கல்முனை
போதும் சகோதரரே, ஆனால் இயந்திரத்தின் வகையைக் கேட்டறிந்து வாங்குங்கள். கடல்நீரிலிருந்து உப்பைப் பிரிக்க ஏறத்தாழ 55 பார், அதாவது காற்றமுக்கத்தைப்போல் சுமார் 55 மடங்கு அமுக்கம் வேண்டும். சிறிய இயந்திரங்களில் உள்ளே போகும் நீரில் பத்தில் ஒரு பங்களவே நன்னீராகும். மீதி அமுக்கத்தோடு வெளியேறுகிறது. அந்த அமுக்கத்தை மீளப் பயன்படுத்தும் பம்பி இருந்தால் லீற்றருக்கு 4 வாற்று மணித்தியாலம் அளவில் முடியும். இல்லாவிட்டால் இரண்டு, மூன்று மடங்கு செலவாகும். ஆகவே உங்கள் நாற்பது லீற்றருக்கு நாளொன்றுக்கு 160 முதல் 480 வாற்று மணித்தியாலம் வரை தேவை. வெயில் நாளில் உங்கள் தகடுகள் ஆயிரம் வாற்று மணித்தியாலத்தைத் தாண்டித் தரும்.

மின்சாரத்தைப் பற்றரியில் சேர்த்து இரவில் ஓட்டுவதைவிட, உச்சிவெயிலில் ஓட்டி நீராகவே தாங்கியில் சேர்ப்பதுதான் சிக்கனம். மேகம் கடக்கும் நேரத்தைச் சமாளிக்க 100 அம்பியர் மணித்தியாலப் பற்றரி ஒன்று போதும். கொடிமரத்தின் நிழல் தகட்டின் ஒரு மூலையில் விழுந்தாலே மின்சாரம் வெகுவாகக் குறையும் என்பதையும், கண்ணாடியில் படியும் உப்பை அடிக்கடி துடைக்க வேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

பதில்: மட்டக்களப்பு
மின்சாரக் கணக்கைவிட மென்படலத்தைக் காப்பதுதான் பெரிய வேலை. துறைமுகத்துக்குள்ளும் களப்பிலும் இயந்திரத்தை ஓட்டவே வேண்டாம். டீசல் எண்ணெய் பட்டால் மென்படலம் கெட்டுவிடும், மழைக்காலத்தில் முகத்துவாரத்தில் வரும் கலங்கல் நீர் வடிகட்டிகளை அடைத்துவிடும். நீலக்கடலுக்குப் போனபின்னரே ஓட்டுங்கள். வேலை முடிந்ததும், தயாரித்த நன்னீரையே விட்டுக் கழுவுங்கள். குழாய்நீரிலுள்ள குளோரின் மென்படலத்தை அரித்துவிடும் என்பதால், அதைக் கரி வடிகட்டி இல்லாமல் பயன்படுத்த வேண்டாம். படகு வாரக்கணக்கில் கரையில் நிற்குமானால் உள்ளே கிருமி வளராமல் காக்கும் சோடியம் மெற்றாபைசல்பைற்றுக் கரைசலை நிரப்பி வையுங்கள். நமது வெப்பத்தில் கடல்நீர் உள்ளே தேங்கினால் அழுகிய முட்டை நாற்றம் வந்துவிடும்.

கேள்வி கேட்டவர்: வாழைச்சேனை
மிக்க நன்றி. மாரியில், வானம் நாட்கணக்கில் மூடியிருக்கும்போது என்ன செய்வது?

பதில்: கல்முனை
எஞ்சின் ஓடும்போது அதன் ஓல்டனேற்றரிலிருந்தும் பற்றரிக்கு இணைப்புக் கொடுங்கள். அப்படியிருந்தும் பம்பி ஒன்று பழுதானால் நடுக்கடலில் திருத்த வழியில்லை. எனவே கரை திரும்பும் வரை ஐவரும் குடிப்பதற்கான நீரைக் கலன்களில் கட்டாயம் கொண்டுசெல்லுங்கள். ஒவ்வொரு முறையும் முதலில் வரும் நீரை ஊற்றிவிட்டு, நீரில் கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும் ரி.டி.எஸ். மானி 500 பி.பி.எம். (லீற்றருக்கு 500 மில்லிகிராம்) அளவுக்குக் கீழே காட்டிய பின்னரே தாங்கிக்குத் திருப்புங்கள்.