சிறிய அறக்கட்டளை, பிள்ளைகளுக்கான மாலைநேர மனநல ஆதரவு மையம்: எங்கிருந்து தொடங்குவது?

டெல்டாக்காரர் (கேள்வி)

எங்கள் அறக்கட்டளை இதுவரை நோட்டு, சீருடை, பள்ளிக் கட்டணம் என்ற அளவில்தான் உதவி வந்தது. இப்போது 9 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு மாலையில் ஒரு மனநல ஆதரவு மையம் தொடங்க நினைக்கிறோம். பல வீடுகளில் அப்பாவின் குடி. சில வீடுகளில் அப்பாவோ அம்மாவோ இல்லை. கையில் இருப்பது ஓர் அறை, எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முடித்த ஒரு கவுன்சலர், நான்கு தன்னார்வலர்கள். தன்னார்வலர்கள் எதுவரை பேசலாம்? பலன் இருக்கிறதா என்று எப்படி அளப்பது? (நன்கொடை தருபவர்கள் கேட்கிறார்கள்.) சட்டத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

மாலைவெயில்

அறையை அலங்கரிக்கும் முன் ஒரு தாளைத் தயார் செய்யுங்கள்: எந்த நிலையில் பிள்ளையை யாரிடம் அனுப்புவது என்று. மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் எந்தக் கிழமை எந்த அரசு மருத்துவமனையில் இருப்பார் என்பதை நேரில் போய்க் கேட்டு எழுதுங்கள். அதன் கீழே அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, குழந்தைகள் உதவி எண் 1098. இந்தத் தாள் இல்லாத மையத்தில், நெருக்கடி வரும் நாளில் ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டு நிற்பார்கள்.

தன்னார்வலர் வேலை விளையாட்டு, படம் வரைதல், கதை, காது கொடுத்துக் கேட்பது. கிளறிக் கேட்பது அவர்கள் வேலை அல்ல. எட்டுப் பிள்ளைக்கு இரண்டு பெரியவர், ஒரு மணி நேரம், வாராவாரம் அதே முகங்கள். ஆள் மாறிக்கொண்டே இருந்தால் ஏற்கெனவே ஒருவரை இழந்த பிள்ளைக்கு அது இன்னொரு இழப்பு.

சாவைப் பற்றிய பேச்சு, கையில் கீறல் தழும்பு, வீட்டுக்குப் போகப் பயம்: இந்த மூன்றில் எதுவானாலும் அன்றே கவுன்சலரிடம் சொல்ல வேண்டும். சாவைப் பற்றிப் பேசும் பிள்ளையிடம் "செத்துப்போகணும்னு தோணுதா?" என்று கவுன்சலர் நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பிள்ளையைத் தனியே விடாமல், வீட்டில் இருக்கும் பூச்சிமருந்து, எலி பேஸ்ட், மாத்திரைகளை அன்றைக்கே அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். விவசாய ஊரில் இது கவுன்சலிங்கை விட அவசரம்.

அப்பா இறந்த பிள்ளையிடம் "வெளியூர் போயிருக்கார்", "தூங்குறார்" என்று சொல்லக்கூடாது. சின்னப் பிள்ளை வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கும், அல்லது தூங்கவே பயப்படும். பையனிடம் "இனி நீதான்டா வீட்டுக்கு ஆம்பளை" என்பதும் வேண்டாம். துக்க வீட்டில் இதைச் சொல்லாத சித்தப்பா கிடையாது. அதனால் பெரியவர்களிடமும் சொல்லி வையுங்கள்.

தராசு முள்

அளப்பதற்கு எஸ்.டி.க்யூ. படிவம் போதும்: பிள்ளையின் மனநிலை, நடத்தை பற்றிய கேள்வித்தாள் அது. 25 வாக்கியங்கள், தமிழிலும் உண்டு. 4 முதல் 17 வயது வரை பெற்றோரோ ஆசிரியரோ நிரப்பலாம். 11 வயதிலிருந்து பிள்ளையே நிரப்பும் படிவம் தனி. ஐந்து பிரிவுகள், பிரிவுக்கு ஐந்து வாக்கியங்கள்.

தப்பு நடக்கும் இடங்கள்: 7, 11, 14, 21, 25 ஆகிய ஐந்து வாக்கியங்களுக்கும் மதிப்பெண் தலைகீழாக வரும் ("முழுக்க உண்மை" என்றால் 2 அல்ல, 0). பிறருக்கு உதவும் குணம் பற்றிய பிரிவை மொத்தத்தில் கூட்டக்கூடாது. மற்ற நான்கும் சேர்ந்துதான் 40. பெற்றோர் படிவத்தில் 13 வரை இயல்பு, 14 முதல் 16 வரை விளிம்பு, 17ம் அதற்கு மேலும் கவனிக்க வேண்டியது. ஆசிரியர் படிவத்தில் இந்த எல்லைகள் வேறு. இவை பிரிட்டனில் வகுத்தவை என்பதால், எண்ணை வைத்து நோய்ப் பெயர் சூட்டாதீர்கள். மறுபடி அளக்கும்போது, கடந்த ஆறு மாதத்தைக் கேட்கும் முதல் படிவத்தை விட்டு, கடந்த ஒரு மாதத்தைக் கேட்கும் தொடர் படிவத்தை எடுங்கள். தாளில் நகலெடுக்கலாம், அனுமதி இல்லாமல் கூகுள் படிவமாக மாற்றக்கூடாது. நன்கொடையாளருக்கு மொத்தக் கணக்கு மட்டும் போகட்டும், பெயரும் படமும் வேண்டாம்.

விதி19

"நீ சொல்வது யாருக்கும் தெரியாது" என்று எந்தப் பிள்ளைக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும்) சட்டம் 19ஆம் பிரிவின்படி, பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் காவல்துறைக்குச் சொல்வது எல்லோருக்கும் கட்டாயம். சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை. நிறுவனப் பொறுப்பாளர் தன் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை. நல்லெண்ணத்தில் தகவல் தந்தவர் மீது வழக்கு வராது. பிள்ளை சொன்னதை அதே சொற்களில், தேதி நேரத்தோடு எழுதுங்கள். அறக்கட்டளையே விசாரணை நடத்தவோ, குடும்பத்தை அழைத்துப் பஞ்சாயத்து பேசவோ கூடாது.

இரவு தங்க வைத்தால் சிறார் நீதிச் சட்டம் 41ஆம் பிரிவின் கீழ் பதிவு வேண்டும். மாலையில் வந்து போகும் மையம் அதில் வராது.

டெல்டாக்காரர்

நன்றி. அம்மாக்களைக் கூட்டத்துக்கு வரவழைப்பதுதான் சிரமமாக இருக்கும்போல. நடவு சமயத்தில் யாரும் வருவதில்லை.

மாலைவெயில்

கூட்டம் வேண்டாம், இரவு ஏழுக்கு மேல் வீட்டுத் திண்ணைக்குப் போங்கள். முதல் தடவை பிள்ளையைப் பற்றிக் குறையே பேசாதீர்கள். குறை கேட்ட அன்றைக்கே அடி விழும். காசுப் பிரச்சினையும் அதே வீட்டில்தான் இருக்கிறது: கணவரை இழந்தவரின் பிள்ளை, பெற்றோரில்லாமல் உறவினர் வளர்க்கும் பிள்ளை ஆகியோருக்கு மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் மாதம் ₹4,000 உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் ₹72,000, மற்ற இடங்களில் ₹96,000க்குள் இருக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பம். வருமானச் சான்றுக்காக அந்த அம்மா ஒரு நாள் கூலியை விட வேண்டியிருக்கும், அதற்குத் தன்னார்வலர் ஒருவரைத் துணைக்கு அனுப்புங்கள்.