டெக்சாஸ் கண்காட்சியில் எடுத்த படங்களை மீட்க உதவி வேண்டும்
போன சனிக்கிழமை அப்பாவை டாலஸ் ஃபேர் பார்க்கில் நடக்கும் டெக்சாஸ் மாநிலக் கண்காட்சிக்குக் கூட்டிப் போயிருந்தேன். அங்கே நிற்கும் 55 அடி உயர கவ்பாய் சிலை பிக் டெக்ஸ் "ஹவ்டி ஃபோக்ஸ்" என்று குரல் கொடுத்ததும் அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். ஊர் அய்யனார் நினைப்பு வந்திருக்கும். 2012-ல் எரிந்து, அடுத்த வருடமே மறுபடி எழுந்து நின்ற உருவம் அது. அந்தப் படமும், கார்ன் டாக்கை (குச்சியில் செருகி, சோள மாவில் தோய்த்துப் பொரித்த சாசேஜ்) கடித்து மீசையில் கடுகு சாஸோடு அவர் சிரித்த படமும் 64 ஜிபி எஸ்டி கார்டில் இருக்கின்றன.

அன்று ராத்திரியிலிருந்து கார்டைச் சொருகினால் "ஃபார்மட் செய்யவா?" என்றே கேட்கிறது. வேறு ரீடர், இரண்டு லேப்டாப், கேமரா, எல்லாவற்றிலும் அதேதான். மீட்பு மென்பொருளை இரவு முழுக்க ஓட்டினேன், ஒரு படமும் வரவில்லை. ஃபார்மட் செய்யவில்லை. அப்பா செவ்வாய்க்கிழமை மதுரைக்குக் கிளம்புகிறார்.

டாலஸ் பக்கம் இந்த மாதிரி கார்டிலிருந்து படங்களை மீட்டுத் தரும் நம்பகமான ஆள் யாரையாவது தெரியுமா?