நாய்க்கு ஊசி தேதி தாண்டிவிட்டது. முதலிலிருந்து போட வேண்டுமா?

பாலக்கோடு மாந்தோப்பு:
வணக்கம். எங்கள் கருப்பன் நாட்டு நாய், இரண்டரை வயது தாண்டிவிட்டது. குட்டியில் செவன் இன் ஒன் (பல நோய்களுக்குச் சேர்த்துப் போடும் ஊசி) மூன்று தவணை, வெறிநோய் ஊசி ஒன்று, ஒரு வயதில் இரண்டும் மறுபடி. அப்புறம் அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் சேலத்துக்கு அலைந்ததில் விட்டுப்போனது. அட்டையைப் பார்த்தால் 19 மாதம் ஆகிறது! பக்கத்துத் தோட்டத்துக்காரர் குட்டியில் போட்டதே ஆயுசுக்கும் போதும் என்கிறார். நாலு வயது மகள் அவனோடுதான் நாள் முழுக்க விளையாடுகிறாள். பயமாக இருக்கிறது.

காவேரிப்பட்டணம்:
வெறிநோய் ஊசியை நாளைக்கே போட்டுவிடுங்கள் அண்ணா. தேதி தாண்டினாலும் இப்போது ஒன்று போதும், அப்புறம் வருடா வருடம். செப்டம்பர் 28 வெறிநோய் தினத்தில் பல இடங்களில் இலவசமாகப் போடுவார்கள், ஆனால் அதற்காகக் காத்திருக்காதீர்கள்.

ஓசூர் (கால்நடை மருத்துவர்):
வெறிநோய் ஊசி பற்றிக் காவேரிப்பட்டணத்துக்காரர் சொன்னது சரி. செவன் இன் ஒன்னில் இருப்பதெல்லாம் ஒரே மாதிரி இல்லை. பார்வோ, டிஸ்டம்பர் என்ற வைரஸ் நோய்களுக்கான பகுதிகள் இரண்டும் வலுவிழந்த உயிர்க்கிருமி. குட்டித் தவணைகளும் ஒரு வயது ஊசியும் சரியாகப் போட்டிருந்தால் பாதுகாப்பு மூன்று வருடத்துக்குக் குறையாது. எலிக்காய்ச்சல் பகுதி அப்படியில்லை, அது செத்த கிருமி. ஒரு வருடம்தான் தாங்கும். 18 மாதம் தாண்டியதால் அதை மட்டும் மூன்று, நான்கு வார இடைவெளியில் இரண்டு முறை போட வேண்டும். தோப்பில் எலி இருக்கும், அதன் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்துதான் நாய்க்கு வரும். மனிதருக்கும் வரும். அதனால் இதை விடாதீர்கள்.

பாலக்கோடு மாந்தோப்பு:
நன்றிங்க டாக்டர். மூன்றாவது தவணை 13 வாரத்தில் போட்டதாக அட்டையில் இருக்கிறது. பரவாயில்லையா?

ஓசூர் (கால்நடை மருத்துவர்):
16 வாரம் ஆன பிறகு போட்டிருந்தால் நல்லது. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி அதற்கு முன் சில குட்டிகளுக்கு ஊசியை வேலை செய்யவிடாது. உங்கள் நாய்க்கு ஒரு வயதில் போட்டது அந்தக் குறையைத் தீர்த்திருக்கும். ஊசி மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். மருந்துக் கடையில் நீங்களே வாங்கினால் பனிக்கட்டிப் பெட்டியில் கொண்டுபோங்கள்.

பாலக்கோடு மாந்தோப்பு:
இன்று காலை கால்நடை மருந்தகத்தில் வெறிநோய் ஊசியும் எலிக்காய்ச்சல் முதல் தவணையும் போட்டாயிற்று. அடுத்த தவணைத் தேதியை நாள்காட்டியில் குறித்துவிட்டேன். தோப்பில் சோறு தின்ன வரும் பெட்டை நாயையும் கையோடு பிடித்துப்போய் வெறிநோய் ஊசி போட்டுவிட்டேன்.